மார்கழி வீதி பஜனையில் சேருவது எப்படி? ராமநாதபுரம் கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே கடைத்தெருவில் யாராவது என்னை நிறுத்திக் கேட்பார்கள்: "பஜனைக்கு வரணும்னு ஆசையாத்தான் இருக்கு. எனக்குப் பாட வராதே, வரலாமா?" தாராளமாக வரலாம். நான் சேர்ந்தபோது எனக்கும் பாட வராது. பதினோரு மார்கழியாக எங்கள் ஊர்க் கோஷ்டியோடு தெருத்தெருவாக நடந்துகொண்டிருக்கிறேன்.

வீதி பஜனையில் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் பாடிய அடியை வாங்கிப் பாடத்தான் இருபது பேர் வேண்டும். எங்கள் ஊரில் அந்த இருபது நாலாகக் குறைந்த ஒரு காலம் இருந்தது. எடுத்துக் கொடுக்கிறவர் தனியாகப் பாடித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் கோயிலில் ரெக்கார்டு போட்டுவிட்டு எல்லோரும் வீட்டிலேயே இருந்துகொண்டோம். இரண்டு மார்கழி அப்படியே போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பாடத் தெரியாத ஒருவர் வந்து வாங்கிப் பாடினாலே கோஷ்டிக்குப் பெரிய பலம்.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் நீரிணையின் ஓரத்தில் இருக்கிறது. இங்கே சொல்வது எங்கள் வழக்கம். திருப்புல்லாணிப் பக்கத்திலோ தொண்டிப் பக்கத்திலோ ஒன்றிரண்டு மாறியிருக்கலாம். அங்கே உள்ள பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: நாளும் நேரமும்

மார்கழி பெரும்பாலும் டிசம்பர் 16 வாக்கில் பிறந்து ஜனவரி 13 அல்லது 14 வரை இருக்கும். நேரம்தான் பலரைப் பயமுறுத்துகிறது. நாலரைக்குக் கோயில் வாசலில் கூடுவோம், நாலே முக்காலுக்குப் புறப்படுவோம், தெருக்களைச் சுற்றிவிட்டு ஆறே காலுக்குள் திரும்பிவிடுவோம். டிசம்பர் கடைசியில் நம் பக்கம் சூரியன் எழ ஏறக்குறைய ஆறரை ஆகிவிடும். ஆகவே நடை முழுக்க இருட்டிலும் வெளிறலிலும்தான்.

எல்லா நாளும் வர முடியாதவர்கள் தயங்க வேண்டாம். ஆனால் என் அனுபவத்தில், மாதம் முழுக்க அங்கொரு நாள் இங்கொரு நாள் வருவதைவிட, தொடர்ந்து ஐந்து நாள் வருவது நல்லது. முதல் இரண்டு நாள் தூக்கத்தோடு போய்விடும். மூன்றாம் நாள்தான் காது திறக்கும். ஐந்தாம் நாள் மெட்டு தானாக வாயில் வரும். விட்டு விட்டு வந்தால் ஒவ்வொரு முறையும் முதல் நாளாகவே இருக்கும். குழந்தைகளைக் கூட்டி வர நினைப்பவர்களுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறைதான் தோதான சமயம்.

இரண்டாம் படி: கோஷ்டியைக் கண்டுபிடிப்பது

உங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில், பெருமாள் கோயிலில், பஜனை மடம் இருந்தால் அங்கே விசாரியுங்கள். பூக்கடையில் கேட்டாலும் தெரிந்துவிடும், ஏனென்றால் மார்கழிக்கு யார் சரம் சொல்லி வைக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் இருக்கும் தெருவானால் இன்னும் சுலபம். அவர்கள் எப்படியும் அந்த நேரத்தில் குளித்து எழுந்திருப்பார்கள், பல ஊர்களில் கோஷ்டிக்கு முதுகெலும்பே அவர்கள்தான்.

விசாரிக்கும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: கோஷ்டி எந்தெந்தத் தெருவுக்குப் போகும்? எங்கள் கோஷ்டி நெடுங்காலம் கோயிலைச் சுற்றியுள்ள நாலு தெருவோடு திரும்பிவிடும். கடற்கரைக் குப்பத்துக்கும் கிழக்கே இருந்த காலனிக்கும் போனதே இல்லை. மறுபடி தொடங்கியபோது அந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டோம். இன்று எங்களிடம் நன்றாகப் பாடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தத் தெருக்காரர்கள். உங்கள் கோஷ்டி ஒரு தெருவை விட்டுவிட்டுப் போகிறதென்றால், சேர்ந்த சில நாளில் பணிவாக அந்தப் பேச்சை எடுங்கள். கேட்க வேண்டிய பேச்சுத்தான் அது.

விடியலில் எழவே முடியாது என்பவர்களுக்கு, அதே டிசம்பரில் தங்கச்சிமடம், பாம்பன் போன்ற ஊர்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுகளில் கேரல் கோஷ்டி வீடு வீடாகப் போகும். கிடார், டிரம்ஸோடு இரவு வெகுநேரம் நடக்கும். அங்கேயும் தெரிந்தவர் யாரையாவது பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். வாங்கிப் பாடுகிற முறை ஏறக்குறைய ஒன்றுதான். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் குரல் பிரித்துப் பாடக் கற்றதே அங்கிருந்துதான்.

மூன்றாம் படி: முன்கூட்டியே எவ்வளவு கற்றுக்கொள்வது

மிகக் கொஞ்சம். பயந்துபோய்ப் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள்.

பெருமாள் கோயில் கோஷ்டி ஆண்டாளின் திருப்பாவை பாடும், 30 பாட்டு, நாளுக்கு ஒன்று. சிவன் கோயில் கோஷ்டி மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாட்டும், அதன் பின் திருப்பள்ளியெழுச்சி 10 பாட்டும். கூட்டினால் அதுவும் 30. எங்களைப் போன்ற ஒரே கோஷ்டி ஊர்களில் இரண்டையும் பாடுவோம். மார்கழிக்குப் பல ஆண்டு 29 நாள்தான் வரும். அப்போது கடைசி நாளில் இரண்டு பாட்டு சேர்த்துப் பாடிவிடுவோம்.

பாடத் தெரியாதவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. திருப்பாவையும் சரி, திருவெம்பாவையும் சரி, ஒவ்வொரு பாட்டும் "ஏலோர் எம்பாவாய்" என்றே முடியும். முதல் வாரம் நீங்கள் பாட வேண்டியது அந்த இரண்டு சொல்லை மட்டும். மீதி அடிகளுக்குக் காதைக் கொடுங்கள், முடிவு வரும்போது குரலைக் கொடுங்கள். இரண்டும் எட்டடிக் கொச்சகக் கலிப்பா என்பதால் நடையும் ஒத்துப்போகும். ஒன்றுக்குப் பழகிய மெட்டில் மற்றது உட்கார்ந்துகொள்ளும்.

கச்சேரி மேடையில் திருப்பாவைக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த ராகங்கள் பிரசித்தம். முதல் பாட்டு நாட்டை ராகத்தில் வரும். அதைக் கேட்டுப் பழகியவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தால் திகைப்பார்கள், ஏனென்றால் ஊர் மெட்டு வேறு. நாலைந்து சுரத்துக்குள் சுற்றிவரும், நடந்துகொண்டே மூச்சு வாங்காமல் பாடுகிற மாதிரி இருக்கும். சங்கீதம் கற்றவர்கள் ஊர் மெட்டைத் திருத்த முயல வேண்டாம். அது நம் பாட்டிமார் வாயிலிருந்து வந்தது, நடைக்கென்றே தேய்ந்து வழுவழுப்பானது. பாபநாசம் சிவனே மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி பஜனையை நடத்திக்கொண்டு போனவர். அவ்வளவு பெரிய வித்வான் தெருவில் நடந்து பாடியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வரும்.

பாட்டுக்குப் பாட்டு நடுவில் நாமாவளியும் கோஷமும் வரும். "நம பார்வதீ பதயே" என்று ஒருவர் எடுத்தால் "ஹர ஹர மகாதேவா" என்று எல்லோரும் சொல்ல வேண்டும். "சர்வத்ர கோவிந்த நாம சங்கீர்த்தனம்" என்றால் "கோவிந்தா, கோவிந்தா". இதற்கு ஒத்திகையே தேவையில்லை.

நான்காம் படி: என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது

குளித்துவிட்டு வர வேண்டும். நம் பக்கக் குளிர் ஊட்டிக் குளிர் இல்லை என்றாலும், வாடை அடிக்கிற விடியலில் ஈரத்தலையோடு நின்றால் சளி பிடிக்கும். தலையை நன்றாகத் துவட்டுங்கள், மேலே ஒரு துண்டோ சால்வையோ போட்டுக்கொள்ளுங்கள். குரங்குக் குல்லா போடுபவர்கள் காதுக்கு மேலே மடித்து விட்டுக்கொள்ளுங்கள். காதை மூடினால் சுருதி கேட்காது. தான் பாடுவது தலைக்குள் பெரிதாகக் கேட்கும், கோஷ்டி பாடுவது தூரத்தில் கேட்கும், கொஞ்ச நேரத்தில் தனி வழியில் போய்விடுவீர்கள். ஒருவருக்குச் சுருதி சேரவே இல்லை என்று நாங்கள் மூன்று நாள் கவலைப்பட்டோம். குல்லாவைக் கழற்றினார், சேர்ந்துவிட்டது.

செருப்பில்லாமல் நடப்பதுதான் வழக்கம். ஆனால் நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலம் இல்லாத ஓரம் கிடையாது. முந்தின நாள் விறகு ஏற்றிப் போன வண்டி தெருவில் முள்ளைச் சிந்தியிருக்கும். அந்த முள் குத்தினால் உள்ளே ஒடிந்து இரண்டு நாள் கடுக்கும். அதனால் கோஷ்டியின் முன்னால் ஒரு பையன் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டே போவான். புதிதாக வருபவர் ஒரு டார்ச் கொண்டுவந்தால் அதைவிட நல்ல காணிக்கை இல்லை. மழைக்குப் பிறகு பூச்சி பொட்டு நடமாட்டமும் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் செருப்போடு வரட்டும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன்.

சின்னக் குப்பியில் வெந்நீர், மடித்த பாலித்தீன் பை ஒன்று. புத்தகமோ ஹார்மோனியமோ நனையாமல் போர்த்த அந்தப் பை உதவும். போனைப் பார்த்துப் பாட வேண்டாம். அந்த வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும், பக்கத்தில் நடப்பவருக்கும் வழி தெரியாமல் போகும்.

ஐந்தாம் படி: முதல் நாள்

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, மிருதங்கத்தைத் துணியால் தோளில் கட்டுவது, சங்கு ஊதுபவரை எழுப்பி வருவது என்று அந்தப் பத்து நிமிடத்தில் நிறைய வேலை நடக்கும். ஒன்றில் கை கொடுத்தால் நீங்கள் கோஷ்டியில் சேர்ந்துவிட்டீர்கள். அதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

நிற்கிற இடம் முக்கியம். முன்னால் விளக்கு, அதன் பின் எடுத்துக் கொடுப்பவரும் ஹார்மோனியமும் மிருதங்கமும், பிறகு வாங்கிப் பாடுபவர்கள், கடைசியில் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு வரும் தாய்மார். புதியவர் வாங்கிப் பாடுபவர்களின் நடுவில் நில்லுங்கள். கூச்சத்தில் பலரும் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே முன்னால் பாடுவது அரைக் கணம் தாமதமாகத்தான் காதில் விழும், நீங்களும் தாமதமாகவே பாடுவீர்கள். நடுவில் நின்றால் நாலு பக்கமும் குரல் இருக்கும், தப்பு வந்தாலும் அதிலேயே கரைந்துவிடும்.

எங்கள் கோஷ்டிக்கு எடுத்துக் கொடுப்பவரை ஊரே சின்னையா என்றுதான் கூப்பிடும். முதல் நாள் நான் ஆர்வத்தில் அவரோடு சேர்ந்தே அடியைப் பாடிவிட்டேன். பாட்டு முடிந்ததும் என் தோளைத் தட்டி, "அப்பு, நான் எடுத்துக் குடுக்கையில நீ கேளு. நான் மூச்சு எடுக்கையில நீ பாடு. நாலு நாளைக்கு அது போதும்" என்றார். முழு முறையும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆறாம் படி: வாங்கிப் பாடுவது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பஜனையே இதில்தான் இருக்கிறது.

எடுத்துக் கொடுப்பவர் ஓர் அடியைப் பாடி முடிக்கும்போது கடைசி அசையைக் கொஞ்சம் இழுப்பார். அந்த இழுப்பு முடிவதற்குள் நீங்கள் மூச்சை உள்ளே இழுத்து வைத்திருக்க வேண்டும். அவர் நிறுத்திய பிறகு மூச்சு வாங்கினால் இரண்டு காலடி பிந்திவிடுவீர்கள். நடுவில் வெற்றிடம் விழும், தாளம் தொய்யும். நல்ல கோஷ்டியில் அவர் குரலின் வாலை, வாங்கிப் பாடுபவர்களுடைய குரலின் தலை தொட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் படுத்திருப்பவருக்குப் பாட்டு அறுபடாமல் ஓடுவதாகக் கேட்க வேண்டும்.

தாளத்தைக் கையில் தேடாதீர்கள், காலில் வையுங்கள். வலது கால் விழுவது ஒரு தட்டு, இடது கால் விழுவது ஒரு தட்டு. கோஷ்டியின் நடை எவ்வளவு மெதுவோ பாட்டும் அவ்வளவு மெது. பாட்டு ஓடுகிறது என்றால் முன்னால் யாரோ வேகமாக நடக்கிறார்கள் என்று பொருள். அப்போது சின்னையா பாட்டைத் திருத்த மாட்டார். விளக்குப் பிடிக்கும் பையனிடம், "மெதுவாப் போடா" என்பார். சரியாகிவிடும்.

கத்த வேண்டாம். விடியலில் தொண்டை இறுகியிருக்கும். முதல் தெருவில் கத்தினால் மூன்றாம் தெருவில் குரல் உடைந்துவிடும். பக்கத்தில் நடப்பவரின் குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும், அதுதான் அளவு. சுருதியையும் தாழ்த்தித்தான் வைப்போம். ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பெண்களும் குழந்தைகளும் மேல் ஸ்தாயியிலுமாகச் சேர்ந்துகொள்வார்கள். உங்களுக்கு எட்டாத இடம் வந்தால் வாயை மூடிக்கொண்டு நடந்து, எட்டுகிற இடத்தில் திரும்பச் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி கிடையாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மைக் வந்ததும் ஒரு குரல் மட்டும் பெரிதாகி, மற்றவர்கள் தாங்கள் தேவையில்லை என்று வாயை மூடிவிடுகிறார்கள். ஊரில் கோஷ்டி குலைந்ததும் இப்படித்தான் தொடங்கியது. சேருகிற கோஷ்டியில் மைக் இருந்தால், ஒரே ஒரு நாள் இல்லாமல் பாடிப் பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: ஜால்ரா

நாலைந்து நாள் கழித்து யாராவது உங்கள் கையில் ஜால்ராவைக் கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்த விதம் மறக்காது. நாட்டுப்படகில் மீன்பிடிக்கிற அண்ணன் ஒருவர் குப்பத்து முக்கு வரை பாடிக்கொண்டு வருவார், அங்கிருந்து வள்ளத்துக்குப் போய்விடுவார். ஆறாம் நாள் அந்த முக்கில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு அடி கூடத் தப்பாமல் ஜால்ராவை என் கையில் வைத்து, என் விரலில் கயிற்றைச் சுற்றிவிட்டு, கரையைப் பார்த்து இறங்கிப் போனார். வெண்கலம் அவர் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது.

கயிற்றை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றுங்கள். வட்டை இறுக்கிப் பிடிக்காமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். ஒன்றின் விளிம்பு மற்றதில் சற்றுச் சாய்வாகத் தொட்டு விலகினால் "டிங்" என்று நீளும். தட்டையாக வைத்து அழுத்தினால் "டக்" என்று அடங்கும். வலது காலுக்கு நீளும் ஓசை, இடது காலுக்கு அடங்கும் ஓசை, அவ்வளவுதான் தொடக்கம். இரண்டையும் தட்டையாகக் கொட்டினால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு சத்தமே வராது. புதியவர்கள் எல்லோரும் செய்வது அதைத்தான். ஒரு கோஷ்டிக்கு மூன்று ஜால்ராவுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் சொல் கேட்காது, பாட்டுக்குச் சொல்தான் உயிர்.

தோல் வாத்தியக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோர ஈரத்தில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். இரவு முழுக்கக் கோயில் மண்டபத்தில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் தொம்மென்று இருக்கும். வீட்டுக்குள் போர்த்தி வையுங்கள், புறப்படுமுன் பொங்கல் வேகிற அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, சூடு மட்டும் படுகிற தூரத்தில் ஐந்து நிமிடம் காட்டுங்கள். கஞ்சிராவுக்கு மற்ற இடங்களில் தண்ணீர் தொட்டுத் தடவுவார்கள், இங்கே மார்கழி விடியலில் அது பெரும்பாலும் வேண்டியிருக்காது.

எட்டாம் படி: தெரு மரியாதை

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி நடுவில் வைத்திருப்பார்கள். கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடக்க வேண்டும், குழந்தைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். துக்கம் நடந்த வீட்டின் முன்னால் ஜால்ராவை நிறுத்தி, வாய்க்குள் முணுமுணுத்தபடி கடப்போம். பிரசவம் ஆன வீடு, காய்ச்சலில் ஆள் படுத்திருக்கும் வீடு என்றாலும் அப்படித்தான்.

எங்கள் பாதையில் பள்ளிவாசல் இருக்கிறது. ஐந்தேகால் வாக்கில் விடியல் தொழுகைக்கு அழைக்கும் சுபுஹு பாங்கு சொல்வார்கள். அது தொடங்கினால் எந்த அடியில் இருந்தாலும் நின்றுவிடுவோம். பாங்கு முடிந்ததும் அதே அடியிலிருந்து சின்னையா எடுப்பார். தொழுகைக்குப் போகிறவர்கள் எங்களைக் கடந்து போகையில், "என்ன மாமா, இன்னைக்குக் கூட்டம் கம்மியா இருக்கு?" என்று கேட்பார்கள். கூட்டம் குறைந்தால் அவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

நாய்கள் முதல் மூன்று நாள் குரைக்கும். நாலாம் நாள் கூடவே வரும்.

ஒன்பதாம் படி: மழையும் காற்றும்

நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை, அது டிசம்பரிலும் நீளும். தூறலுக்கு நிற்க வேண்டாம். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கலாம், ஹார்மோனியத்தை மட்டும் கோயிலில் விட்டுவிடுங்கள். கனமழை என்றால் மண்டபத்தில் உட்கார்ந்து பாடுவோம்.

வாடை அடிக்கும் நாளில் குரல் எங்கே போகிறது என்று கவனியுங்கள். இந்தக் காலத்தில் வடகடல் கொந்தளிப்பாகவும் மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியாகவும் இருக்கும். எங்கள் கரைத் தெருவில் காற்றுக்கு எதிரே நடந்து பாடினால் குரல் வாயிலேயே திரும்பிவிடும். அதனால் அந்தத் தெருவை வடக்கிலிருந்து தெற்கே வரும்படி பாதையை மாற்றி வைத்திருக்கிறோம். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது பாட்டு நமக்கு முன்னால் ஓடிப்போய், அடுத்த தெருக்காரர்களை எழுப்பிவிடும். புதிதாகப் பாதை போடுகிறவர்கள் இதை யோசித்துப் போடுங்கள்.

புயல் விஷயத்தில் விளையாட்டே கூடாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது மார்கழியில்தான். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எங்கள் கோஷ்டி வீதிக்கு இறங்காது. அவரவர் வீட்டு விளக்கின் முன் அன்றைய பாட்டைப் பாடிவிடுவோம்.

பத்தாம் படி: தவறவிடக் கூடாத நாட்கள்

எல்லா நாளும் வர முடியாதென்றால் இந்த நாட்களையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள், டிசம்பர் 19 வாக்கில், திருப்பாவையின் மழைப் பாட்டு வரும். மேகம் கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, கறுத்து, மின்னி, இடித்து, அம்பு மழையாகப் பெய்ய வேண்டும் என்று கேட்கிற பாட்டு. கண்மாய் நிறைவதை நம்பி வாழும் மாவட்டம் இது. கடலுக்கு நூறு அடி தள்ளி நின்று அதைப் பாடும்போது, சொல்லுக்குச் சொல் கண்ணெதிரே இருக்கும். மழை பொய்த்த வருடத்தில் அன்றைக்கு அந்தப் பாட்டை மூன்று முறை பாடினோம்.

மார்கழித் திருவாதிரையை ஒட்டி உத்திரகோசமங்கைக்குப் போவோம். ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பிலிருக்கும் மரகத நடராசருக்கு ஆருத்ரா தரிசனத்தின் முந்தைய நாள் மட்டுமே காப்பு களைவார்கள். கூட்டம் நெருக்கும். மாணிக்கவாசகர் அந்தத் தலத்துக்கென்றே பாடிய திருப்பொன்னூசலைக் கோஷ்டியாகப் பாட விரும்பினால், வரிசையில் நிற்கும்போதே பாடிவிடுங்கள். சன்னதிக்கு முன்னால் நேரம் கிடைக்காது. வரிசையில் முன்பின் தெரியாதவர்களும் வாங்கிப் பாடத் தொடங்கிவிடுவார்கள்.

27ஆம் நாள் கூடாரவல்லி, திருப்பாவையின் "கூடாரை வெல்லும்" பாட்டு வரும் நாள். பாலும் வெல்லமும் நெய்யும் சேர்த்த அக்காரவடிசில் உண்டு. பாட்டில் சொன்னபடி முழங்கை வழியாக நெய் வழியாவிட்டாலும், கையில் ஒட்டுகிற அளவுக்கு இருக்கும். குழந்தைகள் அன்றைக்குக் கூப்பிடாமலே வருவார்கள்.

கடைசிப் பாட்டு வங்கக்கடல் கடைந்த கதையோடு தொடங்கும். வங்கம் என்றால் மரக்கலம். கலங்கள் நிறைந்த கடல் என்பது அதன் பொருள். அன்றைக்கு மட்டும் கோயிலில் முடிக்காமல், கோஷ்டியோடு கரைக்கு இறங்கி, வள்ளங்கள் கட்டிக் கிடக்கிற இடத்தில் நின்று பாடுவோம். தாய்லாந்தில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் சடங்குக்குத் திரியம்பாவாய், திரிபாவாய் என்று பெயர். இந்தப் பாட்டுகள் ஒரு காலத்தில் கடல் கடந்து போனதன் தடம் அது. அந்தக் கரையில் நிற்கும்போது ஒவ்வொரு வருடமும் எனக்கு அது ஞாபகம் வரும்.

பதினோராம் படி: நடை முடிந்த பிறகு

பொங்கலும் சுண்டலும் கருப்பட்டி போட்ட சுக்குக் காபியும் கிடைக்கும். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். அன்றைக்குப் புரியாத அடியின் பொருளைப் பெரியவர்களிடம் கேட்க அதுதான் நேரம். தொன்னையைப் பொறுக்கிக் குப்பையில் போடுவது, மண்டபத்தைக் கூட்டுவது, நாளைக்கு யார் வீட்டுப் பால், யார் வீட்டு அரிசி என்று கேட்டுப் பெயர் கொடுப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஒரு நாள் உபயம் ஏற்க வசதி இல்லாவிட்டால் சுக்கு தட்டிக் கொடுங்கள், விறகு கொண்டுவாருங்கள்.

தை பிறந்ததும் வாத்தியங்களை ஒப்படைக்க வேண்டும். கடல் காற்று வெண்கலத்தைச் சும்மா விடாது, ஒரு மாதத்தில் பச்சை பூத்துவிடும். ஜால்ராவைப் புளி போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து வெயிலில் வையுங்கள். கயிறு நைந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். முடிச்சு வட்டின் உட்பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கும்போது நழுவும். பழைய வேட்டித் துணியில் இரண்டையும் தனித்தனியாகச் சுற்றிப் பெட்டியில் வைத்து, சாவியைச் சின்னையா வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.